கிட் மணல் கார் அடம் பிடித்தால்: அறிகுறியில் இருந்து கோளாறுக்கு

பாகங்களாக, கிட்டாக வந்த மணல் காரை (மணலில் ஓட்டும் திறந்த குழாய்ச்சட்டக் கார்) பூட்டி முடித்தவர்கள் கொண்டுவரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியானவை. ஆளும் ஊரும் மாறும், இடறும் இடம் மாறாது. "அண்ணை, எஞ்சின் போயிட்டுது" என்று தொடங்கும் போன் அழைப்புகள் பெரும்பாலும் எஞ்சினில் முடிவதில்லை. ஏர்த் வயரில், கேபிள் முனையில், பெற்றோல் ரியூப்பின் இணைப்பில், அல்லது பில்ரரின் ஓரத்தால் நுழைந்த புழுதியில் முடிகின்றன. எஞ்சினை இறக்கிக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு அனுப்ப முன்னர், இதைக் கையில் வைத்துக்கொண்டு காரை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

இங்கே எழுதுவது இரும்புக் குழாய்ச் சட்டமும், பின்னால் காற்றில் குளிரும் 1500 அல்லது 1600 வொக்ஸ்வாகன் பீட்டில் எஞ்சினும், அதன் கியர்பொக்ஸும் கொண்ட காருக்கு. வேறு எஞ்சின் வைத்தவர்களுக்கும் வயரிங், பிறேக், ரயர், சட்டம் பற்றிய பகுதிகள் பொருந்தும்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே காசு செலவில்லாத காரணம் முதலில், எஞ்சின் பிரிக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும்.

காருக்கு அடியில் படுக்கும் வேலை என்றால் ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். நம்முடைய மணலில் ஜக் ஒரு பக்கமாகப் புதையும். தடித்த பலகை போட்டு, அதன் மேல் ஸ்ராண்ட் வைத்து, சட்டத்தைத் தாங்கவிட்ட பிறகே உள்ளே போங்கள். பெற்றோல் சம்பந்தப்பட்ட எந்தச் சோதனைக்கும் (திறப்பைப் போட்டுப் பார்ப்பதைத் தவிர) பற்றரியின் நெகற்றிவ் முனை கழற்றப்பட்டிருக்க வேண்டும், எப்போதும் தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

## திறப்பைத் திருப்பினால் 'டிக்' என்று மட்டும் கேட்கிறது

கிட் காரில் அதிகம் வரும் கோளாறு இதுதான். பத்திரமாகப் பவுடர் பெயின்ற் அடித்த சட்டம்தான் இதற்கு முதற்காரணம் என்றால் பலர் நம்புவதில்லை.

முதலில் பற்றரி முனைகள். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முடுக்குங்கள். மீற்றர் இருந்தால் அளந்து பாருங்கள்: ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12.2க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் பண்ணுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

திறப்பைத் திருப்பும்போது லைற் மங்கினால்: பற்றரி அல்லது தடித்த வயர்களின் முனைகள். ஸ்ராட்டர் சுற்றும்போது பற்றரி 10 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம்.

லைற் பிரகாசமாகவே இருந்து, ஸ்ராட்டர் அசையாவிட்டால்: ஏர்த். எஞ்சினும் கியர்பொக்ஸும் றப்பர் மவுண்டில் நிற்கின்றன. றப்பர் மின்னைக் கடத்தாது. பீட்டிலில் கியர்பொக்ஸின் மூக்கில் இருந்து உடம்புக்குப் பின்னல் பட்டி ஒன்று போகும். கிட்டில் அது வராது, அல்லது வந்தும் பெயின்ற்றின் மேலேயே போல்ட் பண்ணப்பட்டிருக்கும். ஜம்பர் வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவிலும் மறு முனையைக் கியர்பொக்ஸ் போல்ட் ஒன்றிலும் கவ்வுங்கள். அதோடு ஸ்ராட்டர் துள்ளிச் சுற்றினால் கோளாறு கிடைத்துவிட்டது. தடித்த ஏர்த் பட்டி ஒன்று வாங்கி, சட்டத்தில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ற்றை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, முடுக்கிய பின் மேலே கிறீஸ் பூசுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு அறிகுறியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்ராட் பண்ணும்போது அக்சிலேற்றர் கேபிள் அல்லது கிளச் கேபிள் சூடாகிறதா? புகைகிறதா? அப்படியென்றால் ஸ்ராட்டரின் மின் திரும்பிப் போக வேறு வழி இல்லாமல் அந்தக் கேபிளுக்குள்ளால் போகிறது. கேபிள் உள்ளே கருகி, ஒருநாள் அக்சிலேற்றர் திறந்தபடி சிக்கும். உடனே ஸ்ராட் பண்ணுவதை நிறுத்துங்கள். ஏர்த்தைச் சரி பண்ணியதோடு விடாமல் அந்தக் கேபிளையும் மாற்றுங்கள்.

குளிரில் பிடித்து, சூட்டில் மட்டும் 'டிக்' என்றால்: திறப்பில் இருந்து பின்னால் ஸ்ராட்டர் வரை நீண்டு போகும் மெல்லிய வயரில் வோல்ற் இழக்கப்படுகிறது. சைலென்சர் பக்கத்தில் சூடாகும் சொலினொயிட்டுக்கு (ஸ்ராட்டரை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) அது போதாது. ஓட்டோ கடைகளில் கிடைக்கும் சாதாரண 30 அம்பியர் ரிலே ஒன்றை ஸ்ராட்டருக்கு அருகில் பூட்டி, பற்றரி வயரில் இருந்து நேரே மின் எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலும் தீரும்.

ஸ்ராட்டர் கறகறத்து, பல் பிடிக்காவிட்டால்: ஸ்ராட்டரின் முனை சுழலும் சிறு புஷ் கியர்பொக்ஸின் ஓட்டுக்குள் இருக்கிறது. அது தேய்ந்தால் எவ்வளவு புது ஸ்ராட்டர் போட்டாலும் சத்தம் தொடரும். இன்னொன்று, பழைய 6 வோல்ற் காரின் பிளைவீலுக்கு 109 பல், 12 வோல்ற்றுக்கு 130 பல். கலந்து பூட்டியிருந்தால் ஒருபோதும் சரிவராது. பல் எண்ணிப் பார்த்துச் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்திப் பீட்டில் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

## ஸ்ராட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

நெருப்பா, பெற்றோலா என்று முதலில் பிரியுங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, அதன் உடம்பை எஞ்சினில் படவைத்து ஒருவரைச் சுற்றச் சொல்லுங்கள். அதற்கு முன் காபரேற்றர் பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீலப்பொறி பாய்ந்தால்: வயர் வரிசையைப் பாருங்கள். வெடிக்கும் ஒழுங்கு 1-4-3-2, டிஸ்ரிபியூட்டர் மணிக்கூட்டுத் திசையில் சுற்றும். காரின் வலப்பக்கம் முன்னால் 1, அதன் பின்னால் 2, இடப்பக்கம் முன்னால் 3, பின்னால் 4. எஞ்சினுக்குப் பின்னால் நின்று வேலை செய்பவர்கள் இதை மாறி எண்ணிவிடுகிறார்கள். முன் என்பது காரின் மூக்குப் பக்கம். வரிசை சரியாக இருந்தும் சைலென்சரில் வெடித்தால், டிஸ்ரிபியூட்டரை ஓட்டும் தண்டு பாதிச் சுற்று மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம். வயர்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தினால் விடை தெரிந்துவிடும்.

பொறி இல்லாவிட்டால் அல்லது மஞ்சளாக மெலிந்திருந்தால்: டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயின்ட்டின் இடைவெளி 0.4 மி.மீ. பொயின்ட்டின் முகத்தில் மெல்லிய புழுதி படிந்திருக்கும். சுத்தமான கடதாசியை இடையில் வைத்து இழுத்தாலே போதும். பிறகு கொன்டென்சர், பிறகு கொயில். இந்த இரண்டும் விலை குறைந்தவை, ஒன்றைக் கூடுதலாகக் காரில் வைத்திருங்கள்.

பெற்றோல் வரவில்லை என்றால்: காபரேற்றரின் பக்கத்தில் ஒரு சிறு மின்வால்வு இருக்கும். திறப்பைப் போடும்போது அது 'டிக்' என வேண்டும், இல்லையென்றால் அதற்கு வயர் போகவில்லை. அடுத்தது பம்புக்கு அடியில் உள்ள தள்ளுகம்பி. அது 100 மி.மீ., 108 மி.மீ. என இரண்டு நீளத்தில் உண்டு. பம்புக்குப் பொருந்தாத நீளம் போட்டால் பெற்றோலே வராது, அல்லது பம்பின் நெம்பு உடையும். இலெக்ட்ரிக் பம் பூட்டியவர்கள் கவனிக்க வேண்டியது அழுத்தம். இந்தக் காபரேற்றருக்கு 3 இறாத்தல் (psi) அளவு போதும். இன்ஜெக்ஷன் கார்களில் இருந்து கழற்றிய பம் ஊசிவால்வைத் தள்ளித் திறந்து எஞ்சினைப் பெற்றோலில் மூழ்கடிக்கும். ஒயில் குச்சியில் பெற்றோல் மணந்தால் ஸ்ராட் பண்ணவே வேண்டாம். ஒயிலை மாற்றிய பிறகுதான்.

## நல்லாய் ஓடி, சூடானதும் நின்றுவிடுகிறது

நின்ற உடனேயே பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடிக்கு மூச்சு இல்லை. கிட்டோடு வரும் அலுமினியத் தாங்கிகளில் காற்றுத் துளைக்குத் தனி ரியூப் உண்டு. அது நெரிந்திருக்கும், அல்லது மணல் அடைத்திருக்கும். அதன் முனையை மேலே தூக்கி, பிறகு கீழே வளைத்துக் கட்டுங்கள்.

மூடி சரி என்றால் பெற்றோல் ரியூப் போகும் பாதையைத் தடவிப் பாருங்கள். சைலென்சரை, எஞ்சின் தலையை ஒட்டிப் போகிறதா? ஓகஸ்ட் வெயிலில் நிழலே இல்லாத மணலில் அது ஆவியாகி நின்றுவிடும். ரியூப்பைச் சட்டத்தின் குளிர்ந்த பக்கத்தால் மாற்றிக் கட்டுங்கள். இலெக்ட்ரிக் பம் எஞ்சின் பக்கத்தில் இருந்தால் தாங்கிக்கு அருகில், தாங்கியை விடத் தாழ்வாக வையுங்கள். அதற்குத் தள்ளத் தெரியும், இழுக்க வராது.

இரண்டும் சரி என்றால் கொயில். சூட்டில் செத்து, ஆறினதும் உயிர்க்கும். அடுத்த முறை நிற்கும்போது உடனே பொறியைச் சோதியுங்கள். பொறி இல்லாவிட்டால் கொயில்தான்.

## எஞ்சின் கொதிக்கிறது

சிவப்பு சார்ஜ் லைற் எரிந்தால் யோசிக்க வேண்டாம், உடனே நிறுத்துங்கள். பீட்டிலில் டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் குளிர்க்கும் விசிறியையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்குக் காற்றே இல்லை. பெருவிரலால் அழுத்தும்போது பெல்ட் 15 மி.மீ. அளவு தாழ வேண்டும். கூடுதலாகத் தொய்ந்தால் டைனமோவின் புலியின் (பெல்ட் ஓடும் சில்லு) இரு தட்டுகளுக்கும் இடையில் இருக்கும் வளையங்களில் ஒன்றை எடுத்து வெளியே நட்டின் கீழ் போடுங்கள். பெல்ட் மேலே ஏறி இறுகும்.

பெல்ட் சரியென்றால் பல கிட் கார்களின் உண்மையான வியாதிக்கு வருவோம். அழகுக்காகத் தகடுகளைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பீட்டில் எஞ்சினைச் சுற்றியிருக்கும் கறுப்புத் தகடுகள்தான் விசிறியின் காற்றைச் சிலிண்டர்களின் செதில்களுக்குள்ளால் ஓட வைக்கின்றன. எஞ்சினுக்கு மேலே உள்ள தகடுகள் மட்டும் போதாது. சிலிண்டர்களுக்கு அடியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு வளைந்த தகடு உண்டு. பழைய எஞ்சின் வாங்கும்போது அது இல்லாமலே வரும், யாரும் கேட்பதில்லை. அதைத் தேடிப் போடுங்கள். கிடைக்காவிட்டால் மாதிரி ஒன்றைக் காட்டினால் தகரவேலை செய்யும் எவரும் வெட்டித் தருவார்கள்.

விசிறிக் கூட்டில் ஹீற்றருக்குக் காற்று கொடுக்கும் இரண்டு பெரிய ஓட்டைகளும் உண்டு. வன்னியில் ஹீற்றர் தேவையில்லை என்று குழாயைக் கழற்றி விடுகிறார்கள், ஓட்டையை அடைப்பதில்லை. குளிர்க்க வேண்டிய காற்று வீணாக வெளியே போகிறது. இரண்டையும் மூடி போட்டு அடையுங்கள். தேர்மோஸ்ராட் இல்லாத எஞ்சினில் கூட்டுக்குள் இருக்கும் மடல்கள் திறந்தபடி நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

பிறகு செதில்கள். ஈர மணலும் ஒயிலும் சேர்ந்து சிலிண்டர்ச் செதில்களுக்கும் ஒயில் கூலருக்கும் இடையில் கல்லாக இறுகும். வெளியால் பார்த்தால் தெரியாது. விசிறிக் கூட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் சிலிண்டர் எப்போதும் மற்றவற்றை விடச் சூடு கூடியது. பழைய வகைக் கூடுகளில் ஒயில் கூலர் அதன் காற்றை மறிக்கிறது. முதலில் சாவது அதுவே.

ஒயில் அளவு 2.5 லீற்றர். அதைவிடக் கூட்டி ஊற்றினால் குளிரும் என்பது பிழை. மணலில் செங்குத்தாக ஏறும்போதும் வளைக்கும்போதும் ஒயில் லைற் மினுங்கினால், ஒயில் ஒரு பக்கமாக ஒதுங்கி உறிஞ்சும் குழாய் வெறுமையாகிறது. ஆழமான ஒயில் சட்டி பூட்டுவதே அதற்கு வழி.

ரைமிங் (பொறி பாயும் நேரம்) பிந்தினாலும் எஞ்சின் கொதிக்கும், முந்தினாலும் கொதிக்கும். வால்வு இடைவெளி குளிரில் 0.15 மி.மீ. மணலில் ஓடும் காருக்கு ஒவ்வொரு ஒயில் மாற்றத்தோடும் அதையும் பாருங்கள். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் திரும்பத் திரும்ப இறுகினால் அந்த வால்வு நீண்டுகொண்டிருக்கிறது. அடுத்து தலை உடைந்து பிஸ்ரனில் விழும். அதற்கு முன் எஞ்சினைப் பிரிப்பவரிடம் கொடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கொதிக்கிறது என்றால் ஓட்டும் விதத்தைப் பாருங்கள். மூன்றாம் கியரில் முனகவிட்டு மணலில் இழுத்தால் எஞ்சினுக்குப் பாரம் கூட, விசிறிக்குச் சுற்றுக் குறைவு. ஒரு கியர் கீழே போட்டு எஞ்சினைச் சுற்றவிடுங்கள்.

## நீலப்புகை, வலு இல்லை, ஒயில் குடிக்கிறது

மணல் காரைக் கொல்வது மணலை விட அதோடு வரும் மெல்லிய புழுதிதான். கிறவல் றோட்டில் இன்னொரு வாகனத்துக்குப் பின்னால் போனாலே போதும். காற்றுப் பில்ரரைக் கழற்றி, காபரேற்றரின் வாய்க்குள் வெள்ளைச் சீலையால் துடையுங்கள். சீலையில் செம்மண் நிறம் ஏறினால் புழுதி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பில்ரர் புதிதாக இருந்தாலும் அதன் அடிவிளிம்பு காபரேற்றரில் சரியாக உட்காராமல் இருக்கலாம். விளிம்பில் கிறீஸ் பூசிக் கிளிப்பை முடுக்குங்கள். பஞ்சு வகைப் பில்ரருக்கு அதற்கான ஒயில் ஊற்றிப் பிசைந்தே பூட்ட வேண்டும், உலர்ந்தால் புழுதி புகும்.

இன்னொரு வாசல் பலருக்குத் தெரியாது. பீட்டில் எஞ்சினின் கிராங்க் புலிக்குப் பின்னால் றப்பர் சீல் கிடையாது. ஒயிலைத் திருப்பி அனுப்பும் திருகுக் கோடு மட்டும்தான். றோட்டில் அது போதும். மணலில் அந்த வழியாக மணல் உள்ளே வரும். மணல் காருக்கென்றே சீல் வைத்த புலி விற்கப்படுகிறது. கிட்டோடு வராவிட்டால் முதலில் செலவழிக்க வேண்டியது அதற்கு. குரோம் சைலென்சரும் லைற் வரிசையும் பிறகு வாங்கலாம். ஒயில் ஊற்றும் வாயின் மூச்சுக் குழாயையும் சிறு பில்ரருக்குள் விடுங்கள்.

சேதம் ஏற்கெனவே நடந்ததா என்று அறிய இரண்டு சோதனை. ஒன்று, கொம்பிரெஷன்: சூடான எஞ்சினில், அக்சிலேற்றரை முழுதாகத் திறந்து அளவிடுங்கள். நல்ல எஞ்சின் நான்கு சிலிண்டரிலும் 100 இறாத்தலுக்கு மேல் காட்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவிடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இரண்டு, கிராங்க் ஆட்டம்: எஞ்சின் நின்றிருக்க, புலியைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். சரியான அளவு 0.07 முதல் 0.13 மி.மீ. வரை, கைக்குத் தெரியாத அளவு. 'டொக்' என்று தட்டுவது கேட்டால் பெயாரிங் தேய்ந்துவிட்டது. பிஸ்ரனும் சிலிண்டரும் மட்டும் மாற்றுவதில் பயனில்லை, முழுதாகப் பிரிக்க வேண்டும். அதை லேத்தும் அளவுகருவியும் உள்ள கராஜில் செய்யுங்கள்.

## கியர் விழவில்லை, அல்லது கறகறக்கிறது

கிளச் பெடலின் தளர்வு 10 முதல் 20 மி.மீ. வரை இருக்க வேண்டும். கேபிளின் பின்முனையில் உள்ள செட்டை நட்டால் திருத்துங்கள். தளர்வு சரியாக இருந்தும் கிளச் பிரியாவிட்டால் ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் பாருங்கள். கேபிள் உறையைப் பிடிக்கும் சிறு இரும்புக் காது வளைகிறதா? கிட்டில் மெல்லிய தகட்டில் வருவதால் இது அடிக்கடி நடக்கும். மிதிக்கும் பலம் கிளச்சுக்குப் போகாமல் அந்தக் காதில் செலவாகிறது. குறுக்கே ஒரு தகடு வைத்து வெல்டிங் பண்ணினால் தீரும். கேபிள் உறை நேராக இழுபட்டு நின்றாலும் கிளச் அதிரும். அது 25 முதல் 45 மி.மீ. வரை வளைந்து தொங்க வேண்டும்.

மாரி முழுக்க நின்ற கார் தை மாதத்தில் கிளச் பிரிய மறுத்தால் தட்டு பிளைவீலில் கறல் பிடித்து ஒட்டியிருக்கும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, வெட்டவெளியில் இரண்டாம் கியரில் போட்டு, பெடலை மிதித்தபடி ஸ்ராட் பண்ணுங்கள். கார் உடனே நகரும். ஓட்டியபடி அக்சிலேற்றரை விட்டு விட்டு மிதித்தால் பெரும்பாலும் விடுபடும். முன்னால் ஆளோ வேலியோ இருக்கும் இடத்தில் செய்ய வேண்டாம்.

கியர் தண்டின் இணைப்பில் உள்ள றப்பரும், அதைப் பிடிக்கும் ஊசித் திருகும் அடுத்தது. திருகைக் கம்பியால் கட்டாவிட்டால் மணலின் அதிர்வில் கழன்றுவிடும்.

முன்னால் ஒன்றும் பின்னால் நான்கும் ஓடினால் பயப்படாதீர்கள். கியர்பொக்ஸுக்குள் பெரிய பல்சக்கரம் மறுபக்கத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சினை அச்சுக்கு முன்னால் வைக்கும் கிட்டில் அதைத் திருப்பித்தான் ஆக வேண்டும், பின்னால் வைக்கும் கிட்டில் திருப்பக் கூடாது. இது வீட்டில் செய்யும் வேலை அல்ல. கியர்பொக்ஸ் மட்டும் பார்ப்பவரிடம் போக வேண்டும்.

## பின் சில்லில் 'டக் டக்'

திரும்பும்போது அல்ல, கிளம்பும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் கேட்டால், அச்சு நட் தளர்ந்திருக்கிறது. 36 மி.மீ. நட், முடுக்க வேண்டியது 217 அடி-இறாத்தல். ரோர்க் ஸ்பானர் இல்லாதவர்களுக்கு: ஒரு மீற்றர் நீளக் குழாயின் முனையில் ஏறத்தாழ 30 கிலோ பாரம். ஊசி போடும் ஓட்டை நேர்வரவில்லை என்றால் மேலும் முடுக்கி நேர்ப்படுத்துங்கள், தளர்த்தி நேர்ப்படுத்தாதீர்கள். ட்ரம்மின் உட்பல் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் நட் எவ்வளவு முடுக்கினாலும் சத்தம் திரும்ப வரும். ட்ரம் மாற்ற வேண்டியதுதான்.

## மணலில் புதைகிறது, முன்சில்லு திரும்ப மறுக்கிறது

காற்றைக் குறையுங்கள். இவ்வளவு இலகுவான காருக்குப் பின் ரயரில் 10 முதல் 12 இறாத்தல் போதும். 8க்குக் கீழே போனால் ரயர் ரிம்மில் இருந்து கழலும். கரண்டி ரயர் (மணலை அள்ளித் தள்ளும் வரம்புகள் உள்ள ரயர்) போட்டவர்கள் திசையைப் பாருங்கள்: கரண்டியின் குழிந்த பக்கம் மணலைப் பின்னுக்கு எறிய வேண்டும். இடமும் வலமும் மாறிப் பூட்டிவிட்டுக் காருக்கு வலு இல்லை என்கிறார்கள். புதைந்துகொண்டிருக்கும்போது அக்சிலேற்றரை மிதிப்பதால் சட்டம் மணலில் உட்காரும். இறங்கி, மண்வெட்டியால் நான்கு சில்லுக்கும் முன்னால் சரிவு வெட்டுங்கள்.

முன்பக்கம் திரும்பாமல் நேரே வழுக்கினால் எடை பின்னால் கூடியிருக்கிறது. இடவலப் பிறேக் கைப்பிடி (இடது அல்லது வலது பின் சில்லை மட்டும் பிடிக்கும் கைநெம்பு) இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் பற்றரியை முன்னுக்கு மாற்றுங்கள், நடுவில் வரம்பு வைத்த முன் ரயர் போடுங்கள்.

எங்கே ஓட்டிச் சோதிப்பது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். வன்னியில் வெறுமையாகக் கிடக்கும் நிலம் எல்லாம் ஓட்டக்கூடிய நிலம் அல்ல. மிதிவெடி அகற்றப்படாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டி ஒரு சில்லும் போகக் கூடாது. பலகை இல்லாத பற்றைக்காட்டையும் அந்த ஊராரைக் கேட்காமல் தொட வேண்டாம். சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் காரை நிறுத்தி, இறங்காமல், போனில் உதவி கேளுங்கள். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, அங்கே ஓட்டக் கூடாது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கும் இடமும் வாடிகளும் தொழில் செய்பவர்களுடையவை. அடம்பன் கொடி பிடித்து நிறுத்திய மணல்மேட்டைச் சில்லால் அறுத்தால் அடுத்த வாடைக்காற்றில் மேடு நகரத் தொடங்கும். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மேடுகளின் பெறுமதி கரையோரச் சனத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்னங்காணியோ சொந்த மணற்காணியோ உள்ளவரிடம் கேட்டு ஓட்டுங்கள். பதிவு இல்லாத காரை ஏ9 உட்பட எந்தப் பொது றோட்டிலும் இறக்காமல், வேறு வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

கடல் மணலில் ஓடிய காரை அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிறேக் குழாய்களும் பெயாரிங்குகளும் உப்பில்தான் போகின்றன.

## பிறேக் பஞ்சு மாதிரி, ஸ்ரியரிங் ஆடுகிறது

பெடல் அடிவரை போய், திரும்ப மிதித்தால் மேலே நின்றால் காற்று இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லில் தொடங்கிக் காற்றெடுங்கள். இடவலப் பிறேக் கைப்பிடி வைத்த கார்களில் காற்று அந்தக் கைப்பிடியின் மேல்முனையில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றிச் சரித்துப் பிடித்து எடுங்கள். பெடல் கம்பிக்கும் மாஸ்டர் பிஸ்ரனுக்கும் இடையில் ஒரு மி.மீ. தளர்வு இல்லாவிட்டால் பிறேக் தானாக இறுகிச் சூடாகும். ட்ரம்மைத் திறந்து மணலைத் தட்டுங்கள். சிலிண்டர் கசிந்தால் மாற்றுங்கள், கழுவிப் போட வேண்டாம்.

ஸ்ரியரிங் ஆட்டத்துக்கு முன்சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள், பிறகு இடம்வலமாக. மேல்கீழ் ஆட்டம் பெயாரிங் அல்லது முன் பீமின் மூட்டு. இடவல ஆட்டம் ரை றொட் முனை அல்லது ஸ்ரியரிங் பெட்டி. ரை றொட்டின் பூட்டு நட் தளர்ந்திருந்தால் நீங்களே முடுக்கலாம். ஸ்ரியரிங் தண்டில் வெல்டிங் வெடிப்பு, மூட்டுப் போல்ட் தண்டின் காடியில் உட்காராமை, பெட்டியை முடுக்கியும் நடுவில் ஆட்டம், இவற்றில் எது இருந்தாலும் காரை நகர்த்த வேண்டாம். கராஜுக்கு ஏற்றிப் போங்கள்.

## பெயின்ற்றில் மெல்லிய கோடு, அதில் கறல் ஒழுகுகிறது

இது சட்டம் வெடிக்கும் அறிகுறி. காரைக் கழுவிய பிறகு ஒவ்வொரு முறையும் வெல்டிங் மூட்டுக்களைக் கையால் தடவிப் பாருங்கள். முக்கியமாகக் கியர்பொக்ஸ் தாங்கி, ஷொக் பூட்டும் காதுகள், முன் பீம் பிடிக்கும் தகடு, இருக்கைப்பட்டி கட்டும் இடம். ஷொக் காதில் வெடிப்பு வந்தால் ஷொக் அடிவரை தட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காரணத்தைத் திருத்தாமல் ஒட்டினால் பக்கத்தில் வெடிக்கும்.

வெடிப்பின் மேலேயே ஒட்டுவது வேலை அல்ல. பெயின்ற்றைச் சுரண்டி, வெடிப்பின் இரு முனையிலும் சிறு ஓட்டை போட்டு, கோட்டை அடிவரை அரைத்து எடுத்த பிறகே ஒட்ட வேண்டும். வெல்டிங் பண்ண முன் பற்றரியின் இரண்டு முனையையும் ஒல்ற்றநேற்றரின் வயரையும் கழற்றுங்கள். வெல்டிங்கின் ஏர்த் கவ்வியை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே பூட்டுங்கள், கியர்பொக்ஸில் பூட்டினால் மின் பெயாரிங்குக்குள்ளால் பாயும். பெற்றோல் தாங்கியைக் காரில் இருந்தே இறக்குங்கள்.

தலைக்கு மேல் போகும் குழாய்க் கூட்டிலும் இருக்கைப்பட்டி மூட்டிலும் வெடிப்பு என்றால், படலை செய்யும் ஒட்டுக் கடையில் கொடுக்காதீர்கள். குழாயின் தடிப்பை அளந்து, அதே வகைக் குழாயை வெட்டிப் புதிதாக வைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். போகும்போது கிட்டின் குழாய் அளவு எழுதிய தாளையும், வெடிப்பைக் கழுவிய பின் எடுத்த படங்களையும், அது எப்போது தெரிந்தது, அன்று கார் எதிலாவது பாய்ந்து விழுந்ததா என்ற விபரத்தையும் கொண்டுபோங்கள். கூடு ஒருமுறை உருண்டு வளைந்திருந்தால் நிமிர்த்தக் கேட்க வேண்டாம், அந்தக் குழாய் முழுதாக மாற்றப்பட வேண்டும்.